வலது விலா

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் மணி அடித்தபோது மார்லிஸ் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். மறுமுனையில் அவள் அம்மா லவோன். தேவாலயத்திலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக போனுக்கு வந்தவள்போல மூச்சு வாங்கினாள்.

"நெல்ஸுக்கு விலா எலும்பு விரிசல் விட்டுப்போச்சுடி. வலது பக்கம். டாக்டர் சுத்திக் கட்டுப் போட்டு அனுப்பிட்டாரு."

"ஐயோ! அப்ப சனிக்கிழமை?"

"ஆடுவானாம். உங்க அப்பாவும் தலையை ஆட்டிட்டாரு. வெளில ஒருத்தருக்கும் தெரியாது. உன்கிட்ட மறைக்க முடியல, சொல்லிட்டேன். உன் வீட்டுக்காரன் காதுல மட்டும் விழுந்துடக் கூடாது, கேட்டியா?"

"எனக்குத் தெரியாதா? வை போனை," என்றாள் மார்லிஸ். வைத்த பிறகும் கத்தியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. கார்விக் ஊரில் ரயில் பாதையை ஒட்டியிருந்த தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடும் வேலை. சோளம் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நின்றால் ஜன்னலைத் திறந்து எடையைக் கூவுவாள். ஓட்டுநர்கள் வம்புக்கு இழுத்தால் அதே ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுப்பாள். தெற்கு டகோட்டாவின் அந்தப் பக்கத்தில் நவம்பர் வந்துவிட்டால் வம்புக்கு ஒரே விஷயம்தான், ஃபுட்பால். முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுபவனை ஆள் மேல் ஆளாக விழுந்து சாய்ப்பதும் மற்றவர்களுக்குச் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. மார்லிஸுக்கு அது குடும்ப விவகாரம். அவள் அப்பா ஆர்விட் ஸோல்பர்க் ஹார்லோ கல்லூரியின் பயிற்சியாளர். தம்பி நெல்ஸ் அந்த அணியை நடத்தும் குவார்ட்டர்பேக். புருஷன் டாரலோ கார்விக் பல்கலைக்கழகத்தில், எதிராளியை மறிக்கும் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். வருஷக் கடைசி ஆட்டம் ஹார்லோவுக்கும் கார்விக்குக்கும்தான்.

ஹார்லோவில் மொத்தமே நானூறு பேர்தான் படித்தார்கள். ஆஜானுபாகுவான பையன்களைப் பெரிய கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போய்விடும். மிஞ்சுகிற பண்ணைப் பையன்கள் ஆர்விட்டிடம் வருவார்கள். கால் வேகம் இருக்கும், உடம்பு போதாது. எதிர் வரிசையில் நிற்கும் எருமைகளை ஆளுக்கு ஆள் தடுத்து நிறுத்து என்றால் முடியாது. ஆகவே ஆர்விட் வேறு மாதிரி யோசித்தார். எல்லாரையும் தடுக்க ஆள் பற்றாது என்றால் ஒருத்தனைத் தடுக்காமலேயே விட்டுவிடுவது. எதிர் வரிசையின் ஓரத்தில் நிற்பவனை யாரும் தொடமாட்டார்கள். பையன்கள் அவனுக்கு 'அநாதை' என்று பெயர் வைத்திருந்தார்கள். குவார்ட்டர்பேக் பந்தோடு அந்த அநாதையை நோக்கியே ஓடுவான்; அவனுக்கு வெளிப்பக்கம், ஓர் எட்டுப் பின்னால், இன்னொரு ஓட்டக்காரன் கூடவே வருவான். அநாதை குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்தால் பந்து வெளியில் இருப்பவனுக்குப் போய்விடும். வெளியில் இருப்பவனை மறிக்கப் போனால் குவார்ட்டர்பேக் உள்ளே புகுந்து ஓடிவிடுவான். எதைச் செய்தாலும் தப்பு.

"ஓடுறவனுக்கே எங்க போறோம்னு தெரியாதப்ப எதிராளிக்கு எங்கேருந்துய்யா தெரியும்?" என்பார் ஆர்விட். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய கல்லூரிகளோடு மல்லுக்கு நின்றார். அதற்கு ஒரு விலையும் இருந்தது. குவார்ட்டர்பேக் நேராகப் போய் அடியை வாங்கிக்கொண்டுதான் பந்தைக் கொடுக்க வேண்டும்.

அந்த முறையை ஆர்விட்டிடம் ஆடியவர்களில் டாரலைப்போல ஒருத்தன் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்று பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தவன் மகளைக் கட்டிக்கொண்டான். கல்யாணமாகிப் பத்து வருஷமான பிறகும் மாமனாரை 'கோச்' என்றுதான் கூப்பிட்டான். அவரிடமே வேலை செய்யவும் ஆசைப்பட்டான். மருமகனை வைத்துக்கொண்டால் ஊர் பேசும் என்று ஆர்விட் மறுத்துவிட்டார். கார்விக் அவனைக் கொத்திக்கொண்டு போனது. மாமனாரின் வித்தை முழுக்கத் தெரிந்த ஒருத்தன் கிடைத்தால் சும்மா விடுவார்களா? டாரல் போன பிறகு ஹார்லோ கார்விக்கை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் டாரல் ரொட்டியைப் பிய்த்தபடி சாவதானமாக ஆரம்பித்தான்.

"அவங்க ஆட்டத்தோட படத்தைப் போட்டுப் பாத்தேன். போன வாரம் நெல்ஸ் கடைசில இடது பக்கமே ஓடிக்கிட்டிருந்தான்."

"அப்படியா? நான் பாக்கல."

"உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லையே."

சொன்ன வேகம்தான் காட்டிக்கொடுத்தது. டாரலின் முட்கரண்டி தட்டில் அப்படியே நின்றது. எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்க்காதே, தோளைப் பார், இடுப்பைப் பார், அவன் எங்கே போகப்போகிறான் என்று அவனுக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் ஆர்விட் அவனுக்கு நான்கு வருஷம் சொல்லிக் கொடுத்தார். தன் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருப்பதை மார்லிஸ் அப்போதுதான் உணர்ந்தாள். இறக்கினாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"டாரல், நான் எதுவும் சொல்லல."

"நீ எதுவும் சொல்லல. நானும் எதுவும் கேக்கல. அந்த வெண்ணெயை இப்படித் தள்ளு."

"அவன் என் தம்பி."

"எனக்கு மச்சான்."

"அப்ப அவனை அடிக்க மாட்டோம்னு சொல்லு."

டாரல் பெருமூச்சு விட்டான். "குவார்ட்டர்பேக்கை ஒவ்வொரு தடவையும் சாய்க்கணும்னு ஆகஸ்ட் மாசமே பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. பந்து கையில இருக்கோ இல்லையோ. உங்க அப்பா ஆட்டத்தை நிறுத்த வேற வழியே கிடையாது, உனக்கே தெரியும்."

"அது அப்ப. இப்ப உனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது," என்று ரொட்டியில் வெண்ணெய் தடவினான்.

அந்த வாரம் மார்லிஸுக்கு முள்மேல் இருப்பதுபோல இருந்தது. வேலை இடத்தில் எடையைத் தப்பாகக் கூவி ஒரு ஓட்டுநரிடம் திட்டு வாங்கினாள். அம்மாவுக்கு போன் போட எடுத்து எடுத்து வைத்தாள். 'டாரலுக்குத் தெரியும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நெல்ஸை உட்கார வைத்துவிடலாம். ஆனால் அவன் தன் வீட்டு மேஜையில் தெரிந்துகொண்டதை அவள் எதிரணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததாக ஆகும். பத்து வருஷத்தில் அவள் அதை மட்டும் செய்ததில்லை. அங்கிருந்து இங்கே எதையும் கொண்டுவந்ததும் இல்லை. புதன்கிழமை சமையலறையில் அவனை மடக்கி, "எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் ஒரு பக்கம் இருக்கிறது என்று ஆகிவிடும். கேட்காமலே விட்டாள்.

சனிக்கிழமை ஹார்லோ மைதானத்தில் காற்று ஆளைத் தள்ளியது. அறுவடை முடிந்த சோளக்கொல்லையிலிருந்து சருகுகள் பறந்து வந்து பெஞ்சுகளுக்கு அடியில் அடைந்தன. வேலி ஓரம் டிரக்குகளை மைதானத்தைப் பார்த்து நிறுத்தி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பாதி ஊர் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. மார்லிஸ் ஹார்லோ பக்கத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் அமர்ந்தாள். பின் வரிசையில் இருந்த கஸ் ஹோவ்லாண்ட் விடவில்லை.

"வாம்மா வா! வேவு பாக்க வந்தியா, இல்ல உளவு சொல்ல வந்தியா?"

"உங்க பக்கம் வேவு பாக்க என்ன இருக்கு, கஸ்? பொரி டப்பாவா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். லவோன் சிரிக்கவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து அவள் ஊற்றிய காபி கோப்பையைத் தாண்டிக் கையுறையில் கொட்டியது.

ஆட்டம் தொடங்கியதுமே விபரீதம் தெரிந்தது. நெல்ஸ் பந்தை வாங்கி இடது பக்கம் ஓடினான். கார்விக்கின் அநாதை, சிவப்புத் தலைமயிரும் மாட்டுக் கழுத்தும் உள்ளவன், பந்தை ஏறிட்டும் பார்க்காமல் நெல்ஸின் இடது தோளில் வந்து மோதினான். நெல்ஸ் பந்தைக் கடைசி நொடியில் வெளியே தட்டிவிட்டுக் கீழே விழுந்தான். மறுபடியும் இடது பக்கம், மறுபடியும் மோதல். ஆர்விட் பையனின் விலாவைக் காப்பாற்ற வலது பக்கமே போகாமல் இருந்தார். இரண்டு கையால் ஆடுகிற ஆட்டத்தை ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஆடினால் என்ன ஆகும்? கார்விக் பையன்கள் அதைக் கண்டுகொண்டு மொத்தமாக இடது பக்கம் வந்து அடைத்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் நெல்ஸ் இரண்டு தடவை வலது பக்கம் போய்ப் பார்த்தான். இரண்டு தடவையும் யாரும் தொடுவதற்கு முன்பே விலாவைப் பிடித்துக்கொண்டு தானாகவே தரையில் படுத்துவிட்டான்.

ஒவ்வொரு மோதலுக்கும் லவோன் மார்லிஸின் முழங்காலைப் பிடித்து நெரித்தாள். மார்லிஸுக்கு எந்தப் பக்கம் அடி விழுகிறது என்று பார்க்கவே கண் ஓடவில்லை. தம்பி விழுவதும் எழுவதும்தான் தெரிந்தது. எதிர்ப்பக்க ஓரக்கோட்டில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்கும் டாரலின் உருவம் தெரிந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது கார்விக் பதினான்கு, ஹார்லோ சைபர்.

"நீ சொன்னியா?" என்றாள் லவோன். மைதானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சத்தியமா சொல்லலம்மா."

"ஆனா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

மார்லிஸால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அம்மா கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கை போன இடத்தில் குளிர் ஏறியது. மார்லிஸ் எழுந்தாள். டாரல் மேல் வந்த கோபத்தில் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. படிகளில் இறங்கிப் பழைய ஜிம் கட்டடத்தின் பின்வாசலுக்கு நேராக நடந்தாள். வாசலில் நின்றவன் அவளைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவன், வழிவிட்டான்.

உள்ளே ஈரத் துண்டும் தைலமும் நாறின. நெல்ஸ் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து மெல்ல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஆர்விட் கரும்பலகை முன் நின்றார். மகளைப் பார்த்ததும் புருவம் நெரிந்தது.

"இங்க என்ன பண்றே?"

"அப்பா, அவனை வெளில எடுங்க. டாரலுக்கு அவன் விலா விஷயம் தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. என் மூஞ்சியைப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டான். அதனாலதான் இப்படி அடிக்கிறானுங்க. இன்னும் அரை ஆட்டம் தாங்க மாட்டான்ப்பா, எடுத்துடுங்க."

ஆர்விட் சாக்பீஸை விரல்களுக்கு நடுவில் உருட்டினார். பிறகு நெல்ஸ் பக்கம் திரும்பினார்.

"வலது பக்கம் போனியே ரெண்டு தடவை. அங்க நின்னவன் உன்னை என்ன பண்ணான்?"

நெல்ஸ் யோசித்தான். "ஒண்ணும் பண்ணலப்பா. தொடவே இல்ல. என்னை நல்லாப் பாத்தான், அப்புறம் ஒதுங்கி வெளி ஆள் பின்னாடி ஓடிட்டான். நான்தான் பயந்துபோய்ப் படுத்துட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

மார்லிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. இடது பக்கம் நிற்பவன் மட்டும்தான் அடித்துக்கொண்டிருந்தான். வலது பக்கம் நிற்பவனை யாரோ கட்டிப்போட்டிருந்தார்கள். மச்சானின் வலது விலாவை ஒருத்தனும் தொடக் கூடாது என்று டாரல் தன் பையனிடம் சொல்லியிருக்கிறான். ஏன் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது. பல்கலைக்கழகத்தில் யாருக்குமே தெரிந்திருக்காது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை டாரலின் முகத்தில் பார்த்த அதே அசையாமை இந்த முகத்திலும் இருந்தது.

"அப்பா, வேண்டாம்," என்றாள்.

"நீ மேல போய் அம்மா பக்கத்துல உக்காரு."

"அவன் நெல்ஸுக்காகச் செஞ்சதுப்பா அது. அதை வெச்சே அவனை..."

"மார்லிஸ்!" என்றார் ஆர்விட். பையன்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க நாப்பது பசங்க இருக்காங்க. போ."

அவள் திரும்பியபோது பின்னால் கரும்பலகையில் சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது.

வெளியே கார்விக் பேருந்தின் நிழலில் டாரல் காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"நெல்ஸ் எப்படி இருக்கான்?"

"நல்லாதான் இருக்கான்."

"எங்க போயிட்டு வரே?"

"பாத்ரூம்."

டாரல் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் இந்தத் தடவை தோளைக் கீழேயே வைத்திருந்தாள். சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் அவன் தன் பையனை அவிழ்த்துவிடுவான், அப்பா வலது பக்கம் அனுப்பும் தம்பியின் மேல் அவன் பாய்வான். சொல்லாவிட்டால் புருஷன் காட்டிய இரக்கமே அவன் கழுத்துக்குக் கயிறாகும். காற்றில் அவள் கண்ணில் நீர் வந்தது.

"குளிருது, போறேன்," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் பாதியில் ஹார்லோ வலது பக்கம் திரும்பியது. முதல் ஓட்டத்திலேயே நெல்ஸ் அந்தப் பக்கத்து அநாதையை நோக்கிப் போனான். அவன் ஒதுங்கினான். நெல்ஸ் இந்தத் தடவை படுக்கவில்லை. உள்ளே புகுந்து ஓடினான், பாதி மைதானம் ஓடினான். டிரக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஹார்ன் அடித்தன. கஸ் ஹோவ்லாண்ட் எழுந்து நின்று, "தொடுங்கடா அவனைத் தொடுங்க, தீட்டா ஒட்டிக்கும்?" என்று கத்தினார். மறுபடியும் வலது. மறுபடியும் வலது. ஹார்லோ பந்தைக் கார்விக்கின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஒரு டச்டவுன் எடுத்தது, ஏழு புள்ளி. கார்விக் ஒரு கோல் உதைத்து மூன்று புள்ளி சேர்த்தது. ஹார்லோ திரும்பவும் வலது பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து இரண்டாவது டச்டவுனும் போட்டது. கார்விக் பதினேழு, ஹார்லோ பதினான்கு.

மார்லிஸ் பந்தைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்க ஓரக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்விக்கின் தலைமைப் பயிற்சியாளர் ப்ரூக்மன் டாரலின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். டாரல் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். வலது பக்கப் பையனைக் கூப்பிட்டுப் பேசினால் போதும், எல்லாம் மாறிவிடும். அவன் கூப்பிடவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் இப்போது கூப்பிடுவான், இப்போது கூப்பிடுவான் என்று அவள் நகத்தைக் கடித்தாள். கூப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளா, கூடாது என்று வேண்டிக்கொண்டாளா என்று அவளுக்கே விளங்கவில்லை.

கடைசி நிமிஷத்தில் ஹார்லோ கார்விக்கின் கடைசிக் கோட்டுக்கு நான்கு கஜம் முன்னால் வந்து நின்றது. ஒரே ஒரு முயற்சி மிச்சம். பந்தை உதைத்தால் மூன்று புள்ளி, சமநிலை, கௌரவமாக வீட்டுக்குப் போகலாம். ஆர்விட் உதைப்பவனைப் பார்க்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓடுவதுதான் முடிவு.

அப்போது டாரல் அந்தப் பையனைக் கூப்பிட்டான்.

ஹெல்மெட்டின் கம்பியைப் பிடித்து இழுத்துக் காதருகே ஏதோ சொன்னான். ஒரே வாக்கியம். பையன் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றான். மார்லிஸ் எழுந்து நின்றாள். "நெல்ஸ்!" என்று கத்தினாள். அத்தனை ஹார்னுக்கும் காற்றுக்கும் நடுவில் அது அவள் வாயைத் தாண்டியே போகவில்லை.

நெல்ஸ் பந்தை வாங்கி வலது பக்கம் ஓடினான். அரை ஆட்டமாக ஒதுங்கிக்கொண்டிருந்தவன் இந்தத் தடவை ஒதுங்கவில்லை, தோளைத் தாழ்த்திக்கொண்டு நேராக வந்தான். நெல்ஸ் அதைப் பார்த்தான். திரும்பிக்கொள்ள அவனுக்கு நேரம் இருந்தது, முதுகைக் காட்டிப் பந்தோடு விழுந்திருக்கலாம். திரும்பவில்லை. நெஞ்சை நிமிர்த்தி வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பந்தை வெளியே தள்ளினான். கையைத் தூக்கிய அந்த நேரத்தில் வலது பக்கம் முழுசாகத் திறந்து கிடந்தது. மோதல் சத்தம் மேல் வரிசைவரை கேட்டது. வெளியில் வந்த ஓட்டக்காரன் பந்தைப் பிடித்தான். அவனை மறிக்க அங்கே ஒருத்தனும் இல்லை, நடந்தேகூடக் கோட்டைத் தாண்டியிருக்கலாம். ஹார்லோ ஜெயித்தது.

ஊரே வேலியைத் தாண்டி உள்ளே கொட்டியது. நெல்ஸ் எழுந்திருக்கவில்லை.

எலும்பு முனை நுரையீரலைக் குத்தியிருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துக் காற்றை வெளியேற்றினார்கள். ஆபத்தில்லை என்று டாக்டர் வந்து சொல்லும்வரை லவோனும் மார்லிஸும் நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்விட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். வெற்றி கொடுத்த ஒரு களையும் அவர் முகத்தில் இல்லை. டாக்டர் சொல்லிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் டாரல் வந்தான், இன்னும் கார்விக் ஜாக்கெட்டோடு.

"எப்படி இருக்கான், கோச்?"

"பொழைச்சுக்குவான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஆர்விட் ஜன்னலைப் பார்த்தே பேசினார்.

"நீ விட்டுக்குடுத்ததை நான் எடுத்துக்கிட்டேன்."

"எடுக்கலன்னா நீங்க நீங்களே இல்ல." டாரலின் குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. "எடுப்பீங்கன்னு எனக்குப் பஸ் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. இவ தோளை அசைக்காம நின்னா. இவ அப்படி நிக்கவே மாட்டா."

மார்லிஸ் எழுந்தாள். "தெரிஞ்சும் ஏன்டா விட்டே? விட்டவன் கடைசில ஏன் அடிக்கச் சொன்னே? ஒண்ணு முதல்லேருந்து அடிச்சிருக்கணும், இல்ல கடைசிவரைக்கும் விட்டிருக்கணும்!"

"விடணும்னுதான் இருந்தேன்." டாரல் சுவரில் சாய்ந்தான். "அந்தச் சிவப்புத் தலையன் எதிர்ப்பக்கத்துலேருந்து என்னைப் பாத்தான் மார்லிஸ். வருஷம் முழுக்க ஓடியிருக்கான், இதான் அவனுக்கும் கடைசி ஆட்டம். என் பசங்க அத்தனை பேரும் தோத்துக்கிட்டிருக்கானுங்க, ஏன்னு அவனுங்களுக்குத் தெரியாது. என் மச்சானுக்காக அவனுங்களை ஏமாத்திக்கிட்டிருக்கேன். தாங்க முடியல. போய் அடின்னு சொல்லிட்டேன். சொன்னது நான்தான். ப்ரூக்மன் இல்ல."

லவோன் தலையைக் குனிந்தபடி, "போதும்," என்றாள். "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க. உள்ள அவன் தூங்கறான்."

டாரல் திங்கட்கிழமை தானாகவே ப்ரூக்மனிடம் போய் நடந்ததைச் சொன்னான். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கிறிஸ்துமஸுக்கு முன்பே அவனுக்கு வேலை போயிற்று. மார்லிஸ் ஊரில் நிமிர்ந்து நடந்தாள், ஆனால் கிடங்கு ஜன்னலை அநாவசியமாகத் திறப்பதை நிறுத்திக்கொண்டாள். நெல்ஸ் எழுந்து நடமாடினான். சிரித்தால் மட்டும் வலிக்கிறது என்று போனில் சொன்னான். அக்காவிடம் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. அப்பாவிடம் அவள் பேசவே இல்லை.

ஜனவரியில் ஒரு காலை, சாலையெல்லாம் பனி இறுகிக் கிடந்தபோது, ஆர்விட்டின் கார் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பத்து வருஷத்தில் அவர் தனியாக அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சமையலறையில் வந்து கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"டாரல் இல்லையா?"

"கராஜ்ல வண்டியைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டிருக்கான். கூப்பிடவா?"

"வேண்டாம். உன்கிட்டதான் பேச வந்தேன்." அவர் தொண்டையைச் செருமினார். "நீ அன்னிக்கு வந்து சொன்னது நெல்ஸைக் காப்பாத்த. அதை நான் வேற எதுக்கோ எடுத்துக்கிட்டேன். ராத்திரி படுத்தா அதுதான் ஓடுது."

மார்லிஸ் அடுப்பின் பக்கம் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்புக் கேக்கத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் யோசிச்சேன். பொய் சொல்ல முடியல. மறுபடியும் அதே பெஞ்ச், அதே பசங்க, அதே சைபர்னு வந்தா நான் அதையேதான் செய்வேன். அதை உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு தோணுச்சு."

"தெரியும்பா," என்றாள் மார்லிஸ். "அதனால இனிமே ஆட்டம் நடக்கிற மாசத்துல நான் உங்களுக்கும் அம்மாவுக்கும் போன் பண்ண மாட்டேன். நீங்களும் பண்ணாதீங்க. மத்த மாசமெல்லாம் வாங்க."

ஆர்விட் தொப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு தலையை ஆட்டினார். அவள் அடுக்கிலிருந்து கோப்பையை எடுத்துக் காபி ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். அவர் அப்போதுதான் எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார்.

பின்கதவு திறந்தது. டாரல் கையெல்லாம் கிரீஸோடு உள்ளே வந்து, வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வாங்க கோச். ரோடு எப்படி இருந்துச்சு?"

"சறுக்குது. மெதுவாத்தான் வந்தேன்," என்றார் ஆர்விட். "உன் வண்டிக்கு என்ன?"

"கியர் விழ மாட்டேங்குது."

"கையைக் கழுவிட்டு வா, காபி இருக்கு. அப்புறம் போய்ப் பாப்போம்."